பொன்னெழுத்துப் பலகை

எங்கள் ஊரான திருமலைராயன்பட்டினத்தில் மணலுக்குக் குறைவில்லை. திருமலைராயன் மேல் கோபம் கொண்ட காளமேகப் புலவர், இந்த ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று பாடிவிட்டுப் போனாராம். அதனால்தான் ஊர் மண் மூடிப் போயிற்று என்று என் பாட்டி சொல்லுவாள். ஊரையே மூடும்படி வசை பாடக்கூடிய புலவர் இப்போது யார் இருக்கிறார்கள்? இன்று கடுமையாக ஒரு விமரிசனம் எழுதினால், எழுதியவன் வீட்டு வாசலில்தான் மண் விழுகிறது. அது கிடக்கட்டும்.

இந்த மணலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்காட்லாந்து நினைவு வரும். நான் அங்கே போனதில்லை. ஆனால் கோல்ப் என்னும் ஆட்டம் வளர்ந்தது இதே மாதிரி நிலத்தில்தான். கடலுக்கும் வயலுக்கும் நடுவே உழவுக்கு உதவாத மணல்மேடு. ஆடு மேய்ந்து கட்டையாகிப்போன புல். காற்று பறித்த பள்ளம். அந்த மைதானத்தை மனிதன் அமைக்கவில்லை. கடலும் காற்றும் ஆடும் சேர்ந்து அமைத்துக் கொடுத்தன. பிற்பாடு வெள்ளைக்காரன் போன இடத்துக்கெல்லாம் மட்டையோடு அந்தப் பள்ளத்தையும் எடுத்துக்கொண்டு போனான். வண்டல் மண்ணைத் தோண்டி, எங்கிருந்தோ மணல் கொண்டுவந்து கொட்டி, அதில் பந்து விழுந்ததும் வருத்தப்பட்டான்!

அப்படிப்பட்ட இடங்களில் மூத்தது கல்கத்தா. 1829-ல் டம்டம்மில் தொடங்கிய சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றுவரை உயிரோடிருக்கும் கோல்ப் சங்கங்களில் எல்லாவற்றிலும் பழையது. இப்போது டாலிகஞ்சில் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-ல் இந்தியா வந்ததை ஒட்டி 'ராயல்' பட்டம் கிடைத்தது. 1892-லேயே இந்திய அமெச்சூர் போட்டியை ஆரம்பித்துவிட்டார்கள். மைதானம் தட்டையானது, குளங்கள்தான் அதற்கு அழகும் ஆபத்தும். காவேரிக் கழிமுகத்துக்காரனுக்கு கங்கைக் கழிமுகத்தின் குளங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் குறைக்கு வருகிறேன். இத்தகைய சங்கங்களின் சரித்திரங்களை, பொன்விழா மலர்களை, நூற்றாண்டு மலர்களை, ஒரு நாவலாசிரியனுக்குரிய ஆவலோடு படித்துப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சு. இன்ன வருஷம் இன்ன துரை தலைவர்; இன்ன வருஷம் கோப்பை இன்னாருக்கு; இன்ன வைசிராய் வந்து தேநீர் அருந்தினார். கிளப் கூடத்துச் சுவரில் தேக்குப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதியிருக்கும் பெயர்களைக் காகிதத்தில் இறக்கிவைத்தால் அதுதான் புத்தகம். பாத்திரங்கள் ஏராளம், ஆனால் ஒருவருக்கும் முகம் இல்லை. இப்படி ஒரு நாவலை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தப் பத்திரிகாசிரியர் போடுவார்?

'சரித்திரம் என்றால் அப்படித்தான் இருக்கும், பெரிய மனிதர்கள் பெயர்தான் நிற்கும்' என்று நண்பர்கள் சமாதானம் சொல்லுவதுண்டு. நான் ஒப்பமாட்டேன். தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். மெய்க்கீர்த்தி இருக்கிறது, உண்மைதான். ராஜராஜனின் வெற்றிகள் வரிசையாக வருகின்றன. ஆனால் அதே கோயில் சுவரில், ஆடுவதற்கென்று அழைத்துவந்து குடியேற்றிய நானூறு பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஒருத்திக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பது வரைக்கும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். குடை பிடித்தவனுக்கும் நாவிதனுக்கும் வண்ணானுக்கும்கூட அங்கே பங்கு உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓர் அரசன் சுவரில் இடம் கொடுத்தவர்களுக்கு, நேற்றைய கனவான்கள் காகிதத்தில் இடம் கொடுக்கவில்லை.

மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கும் ஆளைத்தான் சொல்லுகிறேன். ஆங்கிலத்தில் அவனுக்குள்ள பெயரைத் தமிழில் எழுதினால் 'கேடி' என்றாகிறது. போலீஸ் தாணாவில் புழங்கும் சொல்லோடு அது ஒன்றாகிவிட்டது அவன் துரதிர்ஷ்டம். பந்து எங்கே விழுந்தது, காற்று எந்தப் பக்கம், எந்த மட்டை எடுக்கவேண்டும் என்பதெல்லாம் எஜமானைவிட அவனுக்கே நன்றாகத் தெரியும். வெகு காலம்வரை நம்மவர்கள் அந்த வாசலில் நுழைய வழி இரண்டுதான்: ஒன்று பை தூக்குவது, மற்றது புல் வெட்டுவது.

அவர்களிடம் கதை இல்லை என்று நினைக்கவேண்டாம். அந்தக் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவர் ஒருவரின் மகன் எஸ். எஸ். பி. சௌராஸ்யா. அங்கேயே வளர்ந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் பழகியவர். 2008-ல் டில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016-லும் 2017-லும் இந்தியன் ஓபன் என்று வென்றார். ரியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். தலைவர்களின் பலகை முழுவதையும் தராசில் ஒரு தட்டிலும், இந்த ஒருவரை மறுதட்டிலும் வைத்தால் எந்தப் பக்கம் தாழும்?

தென்னாப்பிரிக்காவில் இன்னொருவர்: பாப்வா சேவ்கோலம். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய இந்தியர் வம்சத்தில் வந்தவர், பை தூக்கியவர், கைகளை மேல்கீழாக மாற்றி மட்டையைப் பிடிப்பவர். 1963-ல் டர்பனில் நேட்டால் ஓபன் பந்தயத்தை வென்றார். வெள்ளையருக்கு மட்டுமேயான மாளிகைக்குள் அவர் வரலாகாது. ஆகவே பரிசை வெளியே, கொட்டுகிற மழையில் கொடுத்தார்கள். எங்கள் காரைக்காலிலிருந்தும் ரீயூனியனுக்கும் மார்ட்டினிக்குக்கும் அப்படிக் கப்பலேறிப் போனவர்கள் உண்டு. அதனால்தானோ என்னவோ, அந்த மழையை நினைத்தால் எனக்கும் கொஞ்சம் நனைகிற மாதிரி இருக்கிறது.

கிளப்புகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வேலி போட்டு வைத்திராவிட்டால் டாலிகஞ்சுக் குளங்களெல்லாம் எப்போதோ அடுக்குமாடி வீடுகளாகியிருக்கும். அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் வேலிக்குள் இருந்தவர்களை யாரும் எண்ணுவதில்லை. 2024 செப்டம்பரில், கிண்டியில் சுமார் 160 ஏக்கர் குதிரைப் பந்தய மைதானத்தைத் தமிழ்நாடு அரசு கைப்பற்றியது. ஜிம்கானா கிளப்பின் பழைய கோல்ப் மைதானம் அமைந்ததும் அதனுள்ளேதான். நான் படித்த செய்திகளில் குத்தகை இருந்தது, ஏக்கர் இருந்தது, வாடகைப் பாக்கி கோடிக் கணக்கில் இருந்தது. பை தூக்கிப் பிழைத்தவர்களைப் பற்றி ஒரு வரி தேடினேன். என் கண்ணில் படவில்லை.

சில வருஷங்களுக்கு முன் மலைப்பக்கத்து கிளப் ஒன்றுக்கு ஒரு நண்பர் என்னை அழைத்துப் போனார். மாலைவரை அவர் ஆடினார். நான் பின்னால் நடந்தேன். எங்களோடு நரைத்த மீசைக்காரர் ஒருவர் பையைச் சுமந்து வந்தார். கூடத்துக்குத் திரும்பியதும் நண்பர் பலகையின் முன் நின்று, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை தடங்கலில்லாமல் எனக்கு ஒப்பித்தார். பை சுமந்தவர் பெயர் என்ன என்று கேட்டேன்.

"இவரா? இருபது வருஷமாக எனக்கு இவர்தான்" என்றார் நண்பர். பிறகு சற்றுத் தயங்கி, வாசற்படியில் நின்றிருந்தவரிடம் போய், "பெரியவரே, உங்கள் பேர் என்ன?" என்று கேட்டார்.