நால்வர் இசையும் கேளாதொழிந்த குரலும்

மேனாட்டு இசை மரபுகளுள் வாத்தியத் துணையின்றிப் பாடப்படும் ‘பாபர்ஷொப்’ நால்வர் இசை தனித்து நோக்கத்தக்கது. முடிதிருத்தும் நிலையத்தின் பெயரைத் தாங்கிய இவ்விசை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே உருப்பெற்றதாகும்.

இதிற் பங்குகொள்ளும் குரல்கள் நான்கு. ‘லீட்’ எனப்படும் குரல் மெட்டை ஏந்திச் செல்லும். ‘ரெனர்’ அதற்கு மேலே இசையும். ‘பேஸ்’ அடித்தளமாக அமையும். ‘பரிரோன்’ மெட்டுக்கு மேலும் கீழுமாக அசைந்து எஞ்சிய இடத்தை நிரப்பும். நான்கும் ஒருங்கே சொற்களை ஒலிப்பதால், ஏறத்தாழ ஒவ்வோர் அசையும் ஒரு சுரக்கூட்டாகின்றது. அவற்றுட் சிறப்பானது, அதிர்வெண்கள் 4:5:6:7 என்னும் விகிதத்தில் அமையும் கூட்டாகும். பியானோ இவ்விகிதத்தைத் துல்லியமாகத் தராது. ஒருவரையொருவர் கேட்டுத் திருத்திக்கொள்ளும் குரல்களே தரவல்லன. அது கைகூடும்போது, நால்வருள் எவரும் பாடாத மேற்சுரமொன்று ஒலிப்பது போற் கேட்கும். ஆகவே, பிறர் குரலுக்குச் செவிகொடுத்தலே இக்கலையின் உயிர்நாடி எனலாம்.

இக்கலையைப் பேண எழுந்த சங்கமே இவ்வுண்மையை மறந்தமைதான் விந்தை. 1938 ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்து ருல்சா நகரிலே, ஓவன் காஷ், றூபேட் ஹோல் ஆகிய இருவரின் அழைப்பால் அச்சங்கம் தோன்றியது. 1941 இல் நியூ யோர்க் போட்டியில் வென்ற கறுப்பின நால்வர் குழு, தேசியப் போட்டியிற் பாட அனுமதிக்கப்படவில்லை. அதனைக் கண்டித்து முன்னாள் ஆளுநர் அல் ஸ்மித் சங்கத்திலிருந்து விலகினார். கறுப்பினத்தவர்க்கான தடை 1963 இலேயே நீங்கியது. பெண்கள் உறுப்புரிமை பெற 2018 வரை காத்திருக்க நேர்ந்தது.

வெள்ளையரின் பழைய ஊர்ப்புறப் பொழுதுபோக்காக இவ்விசையைச் சித்திரிப்பது நெடுநாள் வழக்கம். ஆயின், வரலாறு வேறு கூறுகின்றது. 1925 இலேயே கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜோன்சன் இதன் மூலத்தைத் தம்மவரிடையே கண்டு எழுதினார். லூயி ஆம்ஸ்ரோங் சிறுவயதில் நியூ ஓர்லியன்ஸ் வீதிகளில் நால்வர் குழுவிற் பாடியவர். 1992 இல் லின் அபற் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை வலுவான சான்றுகளோடு முன்வைத்தது.

பழமை பேணல் நற்பணியே. ஆனால் அது யாருடைய பழமை என்னும் வினாவும் உடன் எழுதல் வேண்டும். கலையின் வடிவத்தைக் காத்து, அதனை ஆக்கியோரை விலக்குவது பேணலாகாது. கோடிட்ட மேலங்கியும் வைக்கோற் தொப்பியும் அணிந்து நால்வர் பாடும் பாட்டு இன்றும் இனியதே. அவ்வினிமையை நுகர்வோர், அதனுள் நெடுங்காலம் கேளாதொழிந்த குரலையும் கேட்பாராயின் சுவை குன்றாது; மிகும்.