இரண்டு மௌனங்கள்

கோடைக்காலத்தைப் படகிலேயே கழித்து, தீவு தீவாகச் சுற்றி வந்த அனுபவத்தை எழுதியோர் பலர். அவர்களுடைய நூல்களுள் பெரும்பாலானவை கண்ட காட்சிகளின் பட்டியலாகவே முடிந்துவிடுகின்றன. கனடா நாட்டைச் சேர்ந்த மியூரியல் வைலி பிளான்செட் என்னும் பெண்மணி எழுதிய 'தி கர்வ் ஆஃப் டைம்', அதாவது 'காலத்தின் வளைவு', அவ்வரிசையில் சேராத நூல். 1961-இல் எடின்பரோ நகரில் வெளிவந்த இந்நூலை அண்மையில் மீண்டும் வாசித்தோம். முதல் வாசிப்பில் நம்மை மகிழ்வித்த அதே பக்கங்கள் இம்முறை நம் அமைதியைச் சற்றே குலைத்தன. அதன் காரணத்தை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வான்கூவர் தீவின் தென்கிழக்கு முனையில் கணவரோடும் ஐந்து பிள்ளைகளோடும் வாழ்ந்தவர் பிளான்செட். 1920களில் ஒரு நாள் கணவர் தம் 'கேப்ரீஸ்' படகில் தனியே புறப்பட்டுச் சென்றார். படகு கிடைத்தது; அவர் கிடைக்கவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் கோடையில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதே படகில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கிப் பயணமானார் அத்தாய். படகின் நீளம் 25 அடி, அகலம் ஆறரை அடி. சமையல், படிப்பு, உறக்கம் எல்லாம் அதற்குள்ளேதான். இயந்திரம் பழுதானால் அவரே கழற்றிப் பூட்ட வேண்டும். நீரோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அவரே கணிக்க வேண்டும். 1792-இல் அக்கடலை அளந்த கேப்டன் வான்கூவரின் குறிப்புகள் அவருக்கு வழித்துணையாயின.

நூலில் ஆண்டுக்கணக்கு இல்லை. பல கோடைகள் ஒன்றாய்க் கலந்து ஒரே நீண்ட கோடையாகின்றன. காலம் ஒரு வளைவு, அதன் உச்சியில் நிற்பவனுக்கு முன்னும் பின்னும் தெரியும் என்னும் கருத்தை, படகில் வைத்துப் படித்த மேட்டர்லிங்கின் நூலிலிருந்து அவர் பெற்றுக்கொள்கிறார். நூலின் பெயரும் அதனின்று பிறந்ததே. ஒதுக்கமான ஒரு குடாவில் ஆப்பிள் மரங்களை வளர்த்துக்கொண்டு, மார்க்கஸ் அரேலியஸ் போன்றோரின் நூல்களோடு தனித்து வாழ்ந்த மைக் என்னும் முதியவரை அவர் வரைந்து காட்டும் பக்கங்கள் நம் நெஞ்சைவிட்டு நீங்கா. மரம் வெட்டும் முரட்டு வாழ்விலிருந்து சிந்தனைக்குத் திரும்பிய அம்மனிதரை அவர் வியந்து புகழ்வதில்லை, உபதேசமாக்குவதும் இல்லை. அருகில் அமர்ந்து கேட்கிறார், அவ்வளவே.

இனி முதல் மௌனத்துக்கு வருவோம். கணவரின் இழப்பைப் பற்றி இந்நூல் ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. கடற்கரைப் பங்குகளில் பணியாற்றியோர் அறிவர்: உடல் கரை சேராத மரணம் கல்லறை இல்லாத மரணம். அழுது முடிப்பதற்கு ஓர் இடம் கிடைப்பதில்லை. கணவரை இழக்கக் காரணமான படகையே பிள்ளைகளின் வீடாக்கிய ஒரு தாய், அதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் புலம்பாதது உணர்ச்சியின்மையால் அன்று. அவர் தம் துயரைப் பிள்ளைகளின் தோள்மேல் ஏற்ற மறுத்தார். நங்கூரம் பாய்ச்சும் ஒவ்வொரு மாலையிலும் அம்மறுப்பை நாம் உணர்கிறோம். நூலின் பேரழகு இதுவே எனத் துணிந்து சொல்வோம்.

இரண்டாம் மௌனம் வேறு வகையானது. அப்பகுதியின் தொல்குடியினரான குவாக்வாக்கவாக் மக்களின் குளிர்கால ஊர்களுக்குள் தாயும் பிள்ளைகளும் செல்கிறார்கள். கோடையாதலால் ஊரார் மீன்பிடிக்கப் போயிருக்கிறார்கள். பெரிய மரவீடுகளுக்குள் நுழைகிறார்கள். செதுக்கிய தூண்களைக் கண்டு வியக்கிறார்கள். இறந்தோரின் பேழைகள் இருந்த இடங்களையும் நெருங்கிப் பார்க்கிறார்கள். பிளான்செட்டுக்கு ஏளனம் சிறிதும் இல்லை. உள்ளார்ந்த வியப்பு உண்டு. எனினும் அவ்வூர்களை மறைந்துபோன ஓர் உலகின் எச்சங்களாகவே அவர் காண்கிறார். வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும் வீட்டை, ஆளற்றுப்போன வீடாக எழுதிவிடுகிறார்.

அவ்வுலகம் தானே மறையவில்லை. 1862-இல் பரவிய பெரியம்மை அக்கரையோர மக்களுள் பெருந்தொகையினரைக் கொன்றது. பெயர் சூட்டல், திருமணம், இறந்தோர் நினைவு ஆகியவற்றை ஒட்டி விருந்தளித்துப் பொருள்களை வாரி வழங்கும் அவர்களுடைய 'பொட்லாட்ச்' விழாவைக் கனடா அரசு 1885 முதல் சட்டத்தால் தடுத்தது. அரசு அலுவலரோடு மறைப்பணியாளரும் இத்தடையை வற்புறுத்தினர் என்பதை நாம் மறைக்கலாகாது. 1921-இன் இறுதியில் வில்லேஜ் தீவில் நடந்த விழாவுக்காக 45 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. முகமூடிகளும் செப்புப் பட்டயங்களும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. தடை 1951-இல்தான் நீங்கியது. பிளான்செட்டின் கோடைகள் யாவும் இத்தடைக் காலத்தில் அடங்குபவை.

அவர் அக்காலத்தின் பிள்ளை, நம் காலத்து அளவுகோலால் அவரை அளப்பது முறையோ என வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உச்சியில் நின்றால் இருபுறமும் தெரியும் என்று நமக்குச் சொல்லித் தந்தவரே அவர்தாம். அவருடைய வளைவில் நம் இடத்திலிருந்து நாம் திரும்பிப் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கையில் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நமக்குத் துணிவில்லை. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவின் மாஸ்குவாசிஸில் தொல்குடி மக்கள்முன் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த விடுதிப் பள்ளிகளில் கத்தோலிக்கர் ஆற்றிய பங்குக்காக அவர் அதனைக் கேட்டார். எரியும் முட்செடியின்முன் மிதியடியைக் கழற்றிய மோசேயைப் பற்றி மறையுரை ஆற்றிய நம்மவரே, பிறருடைய புனித நிலத்தில் மிதியடியோடு நடந்தனர்.

தன் துயரைப் பற்றிய மௌனம் தவம். பிறர் துயரைப் பற்றிய மௌனம், நல்ல உள்ளத்திலிருந்தே வந்தாலும், குறை. இவ்விரண்டும் ஒரே நூலில், ஒரே தாயின் இனிய குரலில் அருகருகே இருக்கின்றன. ஆகவேதான் இந்நூலை ஒதுக்குமாறு சொல்லாமல், இருமுறை வாசிக்குமாறு சொல்கிறோம். முதன்முறை அத்தாய்க்காக, மறுமுறை அவ்வீடுகளுக்கு உரியவர்களுக்காக.

நூல் வெளியான ஆண்டிலேயே பிளான்செட் காலமானார். பறிபோன முகமூடிகள் பல பின்னர் திரும்பக் கிடைத்தன. அவற்றை வைத்துக் காக்க 1980-இல் அலர்ட் பே என்னும் ஊரில் அம்மக்கள் எழுப்பிய இல்லத்துக்கு 'உமிஸ்தா' என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்குத் திரும்பி வருதல் என்று பொருள். மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.