ஒரு சாண் டிரைசெராடாப்ஸ்

எட்டு மீட்டர் நீள டிரைசெராடாப்ஸ் டைனோசர், 1:40 அளவுப் பொம்மையானால் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் கார்னகி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 2015 வரை வெளியிட்ட பொம்மை வரிசை பெரும்பாலும் இந்த அளவுதான்.

கொம்பையும் கழுத்துக் கேடயத்தையும் எல்லோரும் ரசிப்பார்கள். நான் முதலில் பார்ப்பது முன்னங்காலை. பழைய பொம்மைகளில் அது யானைக்கால், விரலெல்லாம் நகம். உண்மையில் ஐந்து விரல்களில் உட்பக்க மூன்றுக்குத்தான் குளம்பு. மற்ற இரண்டும் சிறுத்துப்போனவை. அதைச் சரியாகச் செதுக்கியவரை மற்றதற்கும் நம்பலாம்.

வாலில் முள்மயிர் நடுவது இப்போதைய மோகம். சீனாவில் கிடைத்த சிட்டாகோசாரஸ் என்ற டைனோசரின் புதைபடிவம் ஒன்றின் வாலில் அப்படி இருந்ததுதான் காரணம். அது தூரத்து உறவு. டிரைசெராடாப்ஸுக்கு நேரடிச் சான்றில்லை. ஆனாலும் முள்மயிர் வைத்த பொம்மைதான் அலமாரியில் எடுப்பாக நிற்கிறது!