சொன்னதும் விட்டதும்: மிட் ராம்னியின் டெக்சாஸ் உரை

அரபி அணியியலில் 'ஹத்ஃப்' என்றொரு பகுதி உண்டு. ஒன்றைக் கூறாமல் விடுவது, கூறுவதைவிடப் பொருள் செறிந்ததாக அமையும் இடங்களை அது ஆராய்கிறது. இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி தமது 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் இதனை விரிவாகவே பேசியுள்ளார். விடுபட்டது எதுவெனக் கேட்பவன் உணர்ந்துகொள்ள ஓர் அடையாளம், அதாவது 'கரீனா', இருந்தாக வேண்டும் என்பது இக்கலையின் விதி. 2007 டிசம்பர் 6 அன்று மிட் ராம்னி டெக்சாஸ் மாநிலத்தின் காலேஜ் ஸ்டேஷன் நகரில், மூத்த புஷ்ஷின் பெயரிலமைந்த நூலகத்தில் ஆற்றிய உரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடமே நினைவில் எழுகிறது.

குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று கொண்டிருந்த ராம்னி ஒரு மோர்மன். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தோற்றுவித்த சபை அது. பைபிளோடு 'மோர்மன் நூல்' என்பதையும் வேதமாகக் கொள்ளும் அவர்கள், ஸ்மித்தைத் தீர்க்கதரிசியாக ஏற்கின்றனர். நபித்துவம் நிறைவு பெற்றுவிட்டது என்று நம்பும் நமக்கு இவ்வாதம் ஏற்புடையதன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இங்கு எழும் வினா வேறு. நாட்டின் உயர் பதவியை நாடும் குடிமகனின் அகீதாவை விசாரிக்கும் உரிமை யாருக்குண்டு? எப்பதவிக்கும் சமயச் சோதனை வைக்கலாகாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு. சட்டத்தின் வாசல் திறந்தே இருந்தது. அதன் முன் காவல் நின்றவர்கள் வாக்காளர்கள். அவர்களுள்ளும் குறிப்பாக, மோர்மன்களைக் கிறிஸ்தவர்களாகவே ஒப்பாத எவாஞ்சலிக்கல் பிரிவினர்.

இவ்வுரையைப் பலரும் ஜான் கென்னடியின் உரையோடு ஒப்பிட்டனர். கத்தோலிக்கரான கென்னடி 1960 செப்டம்பர் 12 அன்று அதே டெக்சாஸில், ஹூஸ்டன் நகரப் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னிலையில் பேசினார். தேவாலயமும் அரசும் முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும் என்றார். தம் நம்பிக்கை தம் சொந்த விஷயம் என்றார். மனசாட்சிக்கும் பதவிக்கும் முரண் நேர்ந்தால் பதவியைத் துறப்பேன் என்றார். பின்னர் அப்போதகர்களின் கேள்விகளுக்கும் நின்று விடையளித்தார். ஐயம் கொண்டவர்களின் அவைக்கே சென்று பேசிய துணிவு அது.

ராம்னியின் உரையில் இத்தெளிவு இல்லை. தம் சபைத் தலைவர்கள் அதிபரின் முடிவுகளில் தலையிட மாட்டார்கள் என்பது வரை கென்னடியின் வழியிலேயே செல்கிறார். பிறகு, இயேசுவைப் பற்றித் தம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது எனக் கூறி, அவர் இறைமகன், மனிதகுல மீட்பர் என்று தாம் நம்புவதாக அறிக்கை செய்கிறார். அடுத்த மூச்சிலேயே, இதற்கு மேல் தம் சபையின் கோட்பாடுகளை விளக்கினால் சாசனம் தடுத்த சமயச் சோதனைக்கு இடமளித்ததாகிவிடும் என்கிறார். சோதனை கூடாது என்றால் முதற் கேள்விக்கும் விடை கூறியிருக்கக் கூடாது. ஒரு கேள்விக்கு விடையெழுதித் தேர்வறைக்குள் அமர்ந்துவிட்டு, தேர்வே தவறு என்று வாதிடுவது என்ன நியாயம்?

இனி, உரையில் விடுபட்டவை. 'மோர்மன்' என்ற சொல் இந்நீண்ட உரையில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஜோசப் ஸ்மித்தின் பெயர் இல்லை. சமயக் காரணத்தால் துரத்தப்பட்டோர் வரிசையில் பிரிகாம் யங்கின் பெயர் மட்டும் ஒரு வரியில் வந்து போகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வரலாறு சிறியதன்று. மோர்மன்களை அழித்தொழிக்க வேண்டும், அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று 1838இல் மிசூரி ஆளுநர் பாக்ஸ் ஆணையிட்டார். அந்த ஆணை முறைப்படி நீக்கப்பட்டது 1976இல்தான். 1844இல் ஸ்மித் தாமே அதிபர் பதவிக்குப் போட்டியிட முனைந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் இலினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. 1847இல் பிரிகாம் யங்கின் தலைமையில் அவர்கள் யூட்டாவின் பாலைநிலத்தை அடைந்தனர். நம்பிக்கை சுதந்திரமானது, ஆனால் பலதார மணம் என்ற செயலுக்கு அச்சுதந்திரம் பொருந்தாது என்று 1879இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1890இல் சபை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்த பின்னரே, 1896இல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றது. அப்போதும் ஐயம் தீரவில்லை. செனட்டுக்குத் தேர்வான ரீட் ஸ்மூட் தம் இருக்கையை உறுதி செய்துகொள்ள 1907 வரை விசாரணையில் உழல வேண்டியிருந்தது. ராம்னியின் தந்தை ஜார்ஜ் மெக்சிகோவில் பிறந்ததற்குக் காரணமே, பலதார மணத்தின் பேரிலான நடவடிக்கைகளுக்கு அஞ்சி அவருடைய பாட்டனார் அங்குக் குடிபெயர்ந்ததுதான்.

அவையிலிருந்தோர் அறியாத செய்திகளா இவை? கரீனா அவர்கள் கையிலேயே இருந்தது. எனவே மௌனம் எதையும் மறைக்கவில்லை, பேச்சாளரின் தயக்கத்தையே காட்டிக் கொடுத்தது. ஜுர்ஜானி வியந்த ஹத்ஃப் அன்று இது. நுழைவுக்கு இறுத்த வரி.

முஸ்லிம்கள் அடிக்கடி தொழுவதைத் தாம் விரும்புவதாக ராம்னி அவ்வுரையில் குறிப்பிட்டார். வன்முறையைக் கண்டித்த இடத்திலும், அதற்குப் பலியாவோரில் முஸ்லிம்களும் உண்டு என்பதை மறக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் சூழலில் இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், சுதந்திரத்துக்குச் சமயம் தேவை என்று அவர் வாதிட்டபோது சமய நம்பிக்கையற்ற குடிமக்களுக்கு இடமில்லாமல் போயிற்று. வேலிக்குள் புதிதாக வந்தவர் வேலியைச் சற்றுத் தள்ளிப் போட்டார், அவ்வளவே.

விடுபட்ட அந்த நினைவுக்கு ஒரு பயன் உண்டு. ஸ்மித்தின் பகைவர்கள் நம் நபிகளாரின் (ஸல்) பெயரையே இழிசொல்லாக்கி, அவரை 'அமெரிக்க முஹம்மது' என்று ஏசினர். அவரோ தம் மக்கள் குடியேறிய நாவூ நகரில் 1841இல் கொண்டுவரப்பட்ட சமய உரிமைச் சட்டத்தில், முஸ்லிம்களின் பெயரையும் சேர்த்திருந்தார். 2015 டிசம்பரில் முஸ்லிம்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்க வேண்டுமென டிரம்ப் அறிவித்த மறுநாளே, மோர்மன் சபை சமய சுதந்திரம் குறித்து அறிக்கை வெளியிட்டு அச்சட்டத்தை நினைவூட்டியது. ராம்னி பேசத் தயங்கிய வரலாறே அங்குப் பிறருக்காகப் பேசிற்று.

உரையால் அவருக்கு உடனடிப் பலன் கிட்டவில்லை. 2008 ஜனவரியில் அயோவா மாநில உட்கட்சித் தேர்தலில் பாப்டிஸ்ட் போதகரான ஹக்கபீயிடம் தோற்றார். 2012இல் கட்சியின் வேட்பாளரானார். அவ்வாண்டு அக்டோபரில் பில்லி கிரஹாமைச் சந்தித்தார். அதன்பின் அவரது அமைப்பின் இணையதளத்தில், மோர்மன்களைத் தவறான வழிபாட்டுக் குழுவாகக் குறித்திருந்த பகுதி காணாமற் போயிற்று. இடையில் இறையியலில் எந்த மாற்றமும் நிகழவில்லை. ஒபாமாவை வீழ்த்த வேண்டியிருந்தது.

2020 பிப்ரவரி 5 அன்று, யூட்டாவின் செனட்டராக, டிரம்ப்பின் பதவிநீக்க விசாரணையில் ராம்னி அவர் குற்றவாளி என்று வாக்களித்தார். தம் கட்சி அதிபருக்கு எதிராக அவ்வாறு வாக்களித்த முதல் செனட்டர் அவர். இறைவன் முன் எடுத்த சத்தியத்தையும் தம் சமய நம்பிக்கையையும் அதற்குக் காரணமாகக் கூறினார். மறுநாள் காலை வாஷிங்டனில் நடந்த தேசியப் பிரார்த்தனைக் கூட்டத்தில், தவறான செயலுக்குத் தம் நம்பிக்கையைச் சாக்காகக் காட்டுவோரைத் தமக்குப் பிடிக்காது என்றார் டிரம்ப். பெயர் எதையும் அவர் சொல்லவில்லை.