ஆற்றில் விடும் மீனுக்குக் கணக்கு வேண்டாமா?

"மீன்குஞ்சு விடுவதற்குக்கூட அரசாங்க அனுமதி வேண்டுமா?" என்று பண்ணைக்காரர்களும் தூண்டில்காரர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் நீர்நிலைகளில் வேற்று மீன்களைப் பரப்பியதில் அரசுக்கே பெரும் பங்கு உண்டு. ஜிலேபி கெண்டை என்று சந்தையில் வாங்குகிறோமே, அந்தத் திலேப்பியா 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரியைக் காண்பது அரிது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-ல் மத்திய அரசு தடை செய்தது. தடைக்குப் பிறகும் அதை வளர்க்கிறார்கள், விற்கிறார்கள். இப்படிப்பட்ட காவலரிடம் ஆற்றை ஒப்படைப்பதா என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் யாரும் கேள்வி கேட்காமல் மீன் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காவிரியே சாட்சி.

காவிரிக்கு மட்டுமே உரிய மீன் ஒன்று உண்டு: முதுகில் திமிலும் ஆரஞ்சுத் துடுப்பும் கொண்ட பெரிய மஹசீர். 1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. உலகெங்கிலும் இருந்து தூண்டில்காரர்கள் இந்த மீனைத் தேடி வந்தார்கள். 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் குஞ்சுப் பொரிப்பகம் மஹசீர் குஞ்சுகளை உற்பத்தி செய்து பல மாநிலங்களுக்கும் கொடுத்தது. அழிந்துவரும் மீனைக் காப்பாற்றும் நல்லெண்ணம்தான் காரணம்; அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அங்கே வளர்ந்தது கிருஷ்ணா ஆற்றுப் பகுதிக்குரிய நீலத் துடுப்பு மஹசீர். அது காவிரியிலும் விடப்பட்டது. இரண்டும் மஹசீர்தானே என்று அன்று எல்லோரும் எண்ணினார்கள். நீலத் துடுப்பு பெருகியது. திமில் மஹசீரில் சிறு மீன்கள் அகப்படுவது குறைந்து, எப்போதாவது ஒரு கிழட்டு மீன் மட்டும் சிக்கியது. புதிய தலைமுறை வரவில்லை என்பதே அதன் பொருள். அணைகள், மணல் கொள்ளை, வெடி வைத்துப் பிடித்தல் எல்லாமும் சேர்ந்தே இந்த மீனை ஒடுக்கின. வேற்றுக் குஞ்சு விட்டதை மட்டும் குற்றவாளியாக்குவது சரியல்ல, அதை விட்டுவிடுவதும் சரியல்ல.

வேதனை என்னவென்றால், இவ்வளவு காலமும் இந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்து, இது 'டோர் ரெமாதேவி' என்று 2018-ல்தான் நிறுவினார்கள். அதே ஆண்டு அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. எந்த மீன் அழிகிறது என்று தெரிவதற்கு முன்பே அதற்கு மாற்றாக வேறொன்றை விட்டிருக்கிறோம்.

தூண்டில்காரர்கள் பக்கம் இன்னொரு வலுவான வாதம் உண்டு. காவிரிக் கரை முகாம்களில் பிடித்த மீனை அளந்து, எழுதி, திரும்ப ஆற்றில் விட்டவர்கள் அவர்கள். திமில் மஹசீரின் வீழ்ச்சி வெளியே தெரிந்ததே அந்தக் குறிப்பேடுகளால்தான். முகாம் ஆட்கள் கரையில் இருந்தவரை வெடிக்காரர்கள் நெருங்கத் தயங்கினார்கள். 2012-ல் வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி சரணாலயப் பகுதியில் தூண்டிலுக்குத் தடை வந்ததும் கணக்கும் நின்றது, அந்தக் காவலும் போயிற்று. ஒட்டுமொத்தத் தடை என்பது அரசுக்கு எளிது; மீனுக்கு அதனால் நன்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, ஒழுங்குமுறையே வேண்டாம் என்போர் அரசின் தவறுகளைச் சரியாகவே காட்டுகிறார்கள், முடிவில்தான் தவறுகிறார்கள். கரைகட்டிய பண்ணைக் குளத்தில் விட்ட மீனைத் திரும்ப அள்ளலாம். ஆற்றில் விட்ட மீனை எந்த ஆணையாலும் திரும்பப் பெற முடியாது. பண்ணைக்காரரை ஒவ்வொரு வலைவீச்சுக்கும் அலுவலகப் படியேற வைக்க வேண்டியதில்லை. ஓடும் ஆற்றில் குஞ்சு விடுபவர் எவராயினும், தனியாரோ மீன்வளத் துறையோ, அதன் தாய்மீன் எந்த ஆற்றில் பிடிபட்டது என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். காட்ட முடியாத குஞ்சை ஆற்றில் விடக் கூடாது.