274 இரவுகள் தேவையா?

ராயல் கரீபியன் நிறுவனம் 2021இல் ஒரு பயணத்தை அறிவித்தது. 'செரினேட் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் 2023 டிசம்பரில் மயாமியிலிருந்து கிளம்பியது. 274 இரவுகள் உலகைச் சுற்றிவிட்டு 2024 செப்டம்பரில் அங்கேயே திரும்பியது. ஏழு கண்டங்கள், 150க்கும் மேற்பட்ட இடங்கள், ஆளுக்கு ஆரம்ப விலை 60,999 டாலர். வகுத்துப் பார்த்தால் ஓர் இரவுக்குச் சுமார் 223 டாலர். அறை, சாப்பாடு, பாட்டு, நாடகம், ஊருக்கு ஊர் போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய நகரங்களில் நல்ல ஓட்டல் அறைக்கே அவ்வளவு ஆகிறது என்பார்கள் விற்பவர்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஓட்டல் வாடகையோடு ஒப்பிட ஒப்புக்கொண்ட உடனேயே நாம் அவர்கள் விரித்த பாயில் உட்கார்ந்துவிடுகிறோம். நினைத்தபோது காலி செய்துகொண்டு கிளம்ப வசதியுள்ள இடம் ஓட்டல். இங்கே நாம் குடிபோகிறோம், பல மாதங்களுக்கு. ஆகவே எத்தனை துறைமுகம் என்று கேட்பதைவிட, துறைமுகமே இல்லாத நாட்கள் எப்படிக் கழியும் என்று கேட்பதுதான் முதல்முறை போகிறவருக்கு உதவும்.

சென்னையிலிருந்து 2022 ஜூனில் தொடங்கிய கார்டெலியா சொகுசுக் கப்பலில் போய்வந்தவர்கள் பலர் நம்மிடையே உண்டு. அந்த இரண்டு மூன்று நாள் அனுபவத்தை வைத்து நூறு நாள் பயணத்தை எடைபோட முடியாது. குறுகிய பயணத்தில் பஃபேயும் நீச்சல் குளமும் இரவு நிகழ்ச்சியுமே நாளை நிரப்பிவிடுகின்றன. வயிறு புரட்டும் விஷயத்திலும் அது தவறான பாடத்தையே சொல்லும். பெரும்பாலானவர்களின் உடம்பு இரண்டு மூன்று நாளில் ஆட்டத்துக்குப் பழகிவிடும். குறும்பயணம் அதற்குள் முடிந்துவிடுகிறது. நீண்ட பயணத்தில் கடல்நோய் முதல் வாரத்தோடு பெரும்பாலும் தீர்கிற தொல்லை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுத்தால் ஆட்டம் இன்னும் குறையும். கப்பலின் பக்கவாட்டில் துடுப்பு போல் நீளும் தகடுகள் உருளலை அடக்கும். கப்பலின் மூக்கு ஏறி இறங்குவதை அவற்றால் அதிகம் அடக்க முடியாது.

விளம்பரத்தின் முதல் வாக்குறுதி, உலகத்தைப் பார்க்கலாம் என்பது. நமக்குத் தெரிந்த ஊரை வைத்தே சோதிப்போம். ஒரு கப்பல் காலை எட்டுக்குக் கொச்சி வருகிறது, மாலை ஆறுக்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். சோதனை முடிந்து இறங்க ஒன்பதரை ஆகும். ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும். இடையில் சீன வலை, மட்டாஞ்சேரி அரண்மனை, யூதத் தெரு, அரை மணிக் கதகளி, மசாலாக் கடை. அத்துடன் ஒருவர் இந்தியாவைப் பார்த்த நாடுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் நமக்குச் சிரிப்பு வரும். எகிப்தில் நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். லக்சோர் கோயில்களைப் பார்க்க சஃபாகா துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. ரோம் என்று அட்டவணையில் இருப்பது உண்மையில் சிவிட்டாவெக்கியா. பாங்காக் என்பது பெரும்பாலும் லேம் சபாங். இரண்டிலிருந்தும் நகரத்துக்குள் போகவே ஒன்றரை இரண்டு மணி நேரம் கரையும்.

கப்பலே சிறந்த வழியாக அமையும் இடங்களும் உண்டு. பனாமா கால்வாயில் கப்பல் மதகு மதகாக ஏறி, கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்டுன் ஏரியில் மிதந்து, மறுபக்கம் இறங்கும் அந்த முழுப்பகலை வேறு எப்படியும் வாங்க முடியாது. நார்வேயின் கடற்கழிகள், அலாஸ்காவின் பனியாறுகள், விடிகாலையில் சிட்னிக்குள் நுழைவது, பாலினீசியத் தீவுகள் ஆகியவற்றையும் சேர்க்கலாம். நாடுகளின் உட்பகுதியைப் பார்க்க ஆசைப்படுகிறவர் அந்தப் பணத்துக்கு விமானமும் ரயிலும் ஏறலாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அட்டவணையும் உறுதியானதல்ல. ஈஸ்டர் தீவில் பெரிய கப்பல் அணையத் துறை கிடையாது. சிறு படகில்தான் இறங்க வேண்டும். அலை கூடினால் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் உலகச் சுற்றுக் கப்பல்கள் பல சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. மேலே சொன்ன 274 இரவுக் கப்பலும் அவற்றில் ஒன்று. பாதையை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று பயணச்சீட்டின் பொடியெழுத்து முன்பே சொல்லியிருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள்தான் தளத்தில் நின்று சண்டை போடுகிறவர்கள்.

இனிக் கடல் நாட்கள். கூனார்டின் 'லக்கோனியா' 1922இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஏற்பாட்டில் 130 நாளில் உலகைச் சுற்றியது. அது தொட்டது 22 துறைமுகங்களை. மற்ற நாட்களில் பெரும்பகுதி கடலும் நாற்காலியும்தான். இன்றைய கப்பல்கள் துறைமுகங்களை நெருக்கி அடுக்கினாலும் பசிபிக்கைச் சுருக்க முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹோனலூலு சுமார் 2,200 கடல்மைல். மணிக்கு 20 கடல்மைல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். அங்கிருந்து தெற்கே தீவுகளுக்கு மறுபடி பல நாள்.

முதல் சில கடல் நாட்கள் கொண்டாட்டமாகப் போகும். காலையில் விரிவுரை, பிறகு சீட்டாட்டம், நடன வகுப்பு, வினாடி வினா, பாட்டுக் குழு. மூன்றாவது வாரத்தில் வினாடி வினாவில் யார் ஜெயிப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாப்பாட்டுப் பட்டியலும் திரும்ப வரத் தொடங்கும். முன்கூட்டிச் சொன்னால் இந்தியச் சைவச் சமையல் பல கப்பல்களில் கிடைக்கும். ஆனாலும் ரசத்துக்கு நாக்கு ஏங்கும் நாள் ஒன்று வந்தே தீரும். ஊர்வம்பு பிறப்பது துணி துவைக்கும் அறையில்: யார் மெஷினை யார் காலி செய்தார்கள் என்பதில் தொடங்கும் பகை மாதக்கணக்கில் நீளும். பழைய வாடிக்கையாளர்களுக்குத் தனி அட்டை, தனி விருந்து. புதிதாக வந்தவர் கொஞ்ச காலம் வாசல்படியில்தான். இரவுச் சாப்பாட்டுக்கு நிலையான மேசை என்றால் அங்கே உட்காரும் நாலைந்து பேர்தான் இந்தப் பயணத்தின் சொந்தபந்தம். பிடிக்காவிட்டால் முதல் வாரத்திலேயே மேசையை மாற்றச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் அது ஊர்ச் செய்தியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூற்றெழுபது எண்பது சதுர அடி அறையில் கணவனும் மனைவியும் இருபத்து நாலு மணி நேரமும் எதிரெதிரே. ஓய்வு பெற்றுப் பத்து ஆண்டு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குக்கூட இது புதுப் பரீட்சை.

இதையெல்லாம் குறை என்று தள்ளிவிடவும் முடியாது. வேலையோ கூப்பிடும் ஆளோ இல்லாமல், கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர் மட்டும் இருக்கும் ஐந்தாறு நாட்கள் தொடர்ந்து கிடைப்பது இன்று அரிது. மேற்குத் திசையில் போகும் கப்பலில் சில நாட்களுக்கு ஒருமுறை கடிகாரம் பின்னே நகரும். அன்றைக்கு 25 மணி நேரம். தூக்கம் சுகமாகக் கூடும். அதற்கு விலையாகத் தேதிக்கோட்டில் ஒரு முழு நாள் காணாமல் போகும். அன்றைக்குப் பிறந்தநாள் வந்தவர் பாவம். கிழக்கே போனால் கதை தலைகீழ்: 23 மணி நேர நாட்கள் அடுத்தடுத்து வந்து தூக்கத்தைக் கடித்துத் தின்னும். திசையைப் பார்த்துக் கப்பல் தேர்ந்தெடுப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கடல் நாட்களின் தனிமையிலும் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. 2022 முதல் ஸ்டார்லிங்க் இணையம் கப்பல்களில் ஏறத் தொடங்கியது. நடுக்கடலிலும் குடும்ப வாட்ஸ்அப் குழு விடாது.

உடல்நலக் கணக்கில் நான் கறாராகவே இருப்பேன். கப்பலில் மருத்துவர், நர்ஸ், அவசரத்துக்குச் சில கருவிகள் உண்டு; பெரிய அறுவை சிகிச்சை கிடையாது. கரையோரமென்றால் ஹெலிகாப்டர் வரும். நடுப்பசிபிக்கில் வராது, கப்பல் அடுத்த தீவை அடையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசாமல் பணம் கட்டக் கூடாது. நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு ஒரு கேபினிலிருந்து தளம் முழுக்கப் பரவும். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். 2020இன் இரண்டு கப்பல்களையும் நினைவில் வைக்கலாம். யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த 3,711 பேரில் 700க்கு மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. அதே ஆண்டு ஜனவரியில் வெனிஸிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய 'கோஸ்டா டெலிசியோசா' பயணிகள் சுமார் ஐந்து வாரம் தரையில் கால் வைக்காமல், நோய் தொற்றாமல், ஏப்ரலில் பார்சிலோனாவை அடைந்தார்கள். கப்பல் காப்பாற்றுமா கைவிடுமா என்பது யார் கூட ஏறினார்கள் என்பதைப் பொறுத்தது.

விலைப்பட்டியலில் வராத செலவுகள் பல. தினசரி டிப்ஸ், கரைச் சுற்றுலா, மருத்துவக் காப்பீடு, தனியாகப் போகிறவருக்குச் சில நேரம் இரட்டைக் கட்டணம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அமெரிக்கா, ஷெங்கன், ஆஸ்திரேலியா என்று விசாக்களை முன்கூட்டியே வாங்கி, கடைசித் துறைமுகம்வரை அவை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவையான ஒன்று இல்லாவிட்டாலும் ஏற்றமாட்டார்கள். பணமும் திரும்ப வராது. ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா பாதையில் இருந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்றிதழ் வைத்திருப்பது நல்லது.

அந்த 223 டாலர் எப்படிச் சாத்தியமாகிறது என்பதையும் தராசில் வைத்தாக வேண்டும். பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகளின் கீழ் கப்பல் பதிவாகிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் பிள்ளைகள் பல மாத ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒரு நாளில் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. உச்சவரம்பே அவ்வளவு. நம் படுக்கையை விரிக்கும் பையனுக்கு வாரவிடுமுறை கிடையாது என்பது தெரிந்த பிறகு 'எல்லாம் அடக்கம்' என்ற சொல் எனக்கு அவ்வளவு இனிக்கவில்லை.

என் தீர்ப்பு இது. வீட்டை விற்றுவிட்டுக் கப்பலிலேயே குடியிருக்க அழைக்கும் திட்டங்களை முதல்முறை போகிறவர் தொடவே வேண்டாம். 'லைஃப் அட் சீ' என்ற மூன்றாண்டுப் பயணம் கப்பலே கிடைக்காமல் 2023 நவம்பரில் ரத்தானது. 'வில்லா வீ ஒடிசி' 2024இல் பழுதுபார்ப்புக்காக பெல்ஃபாஸ்ட்டில் நாலு மாதம் நின்றது. 274 இரவும் மிகை: மூன்றாவது வாரத்தில் தெரிந்துவிடுவதை ஒன்பது மாதம் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் கட்டணம். நூறு முதல் நூற்றிருபது நாள் முழுச் சுற்று தக்க அளவு. ஆண்டுதோறும் அதை நடத்திவரும் நிறுவனமாக இருந்தால் நம்பலாம். முதல்முறைக்கு அதுவும் வேண்டாம். முழுச் சுற்றைத் துண்டுகளாகவும் விற்கிறார்கள். அதில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹவாய், பாலினீசியா வழியாக சிட்னிவரை, மேற்குத் திசையில், நாலைந்து வாரம் போதும். ஒரு முழுப் பெருங்கடல், ஒரு தேதிக்கோடு, நீண்ட கடல் நாட்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். நடுப்பகுதியில், ஜன்னலுள்ள கேபினாக எடுங்கள். அடுத்த ஆண்டுப் பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று கப்பலிலேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஊர் திரும்பி ஒரு மாதம் ஆன பிறகும், கூடப் போனவரும் சேர்ந்து ஆசைப்பட்டால் முழுச் சுற்றுக்குப் பணம் கட்டலாம்.