எத்தனை பறவை என்று மட்டும் கேட்டால் போதுமா?

ஜனவரி கணக்கெடுப்பு முடிந்த கையோடு செய்தித்தாளில் ஒரு தலைப்பு வந்துவிடும்: பறவைகள் வருகை அதிகரிப்பு. இல்லாவிட்டால், பறவைகள் வருகை சரிவு. இரண்டில் எது வந்தாலும் எனக்கு உடனே நம்பத் தோன்றுவதில்லை. எண்ணியவர்கள் மேல் சந்தேகம் கிடையாது. விடியற்காலையில் சேற்றில் நிற்கிறவர்கள் அவர்கள்; நானும் சில வருஷம் நின்றிருக்கிறேன். அந்த எண்ணை நாம் படிக்கிற விதத்தில்தான் கோளாறு.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கழிமுகத்தைப் பற்றி எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கலாம். எங்க ஊர் ஆறு பாலாறு. ஓரிக்கை, செவிலிமேடு பக்கம் வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் சேர்ந்துகொள்ள, கிழக்கே போய் வாயலூர் தாண்டிக் கடலில் விழுகிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை அந்த முகத்துவாரமும் எங்க மாவட்டம்தான்.

முதல் தடவை போனபோது கூழைக்கடாவையும் பூநாரையையும் ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்தேன். சேற்றோரம் ஓடிக்கொண்டிருந்த பொடிசுகளுக்கு எதிரே "நிறைய" என்று எழுதிவைத்தேன். இன்றைக்கும் அந்த "நிறைய" என்னை உறுத்துகிறது. கொசு உள்ளான் இருபத்தைந்து கிராம் எடைகூடத் தேறாது. ஆர்க்டிக் துந்திராவில் முட்டையிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. எண்ணவேண்டிய பறவையே அதுதான். கேமராவுக்கு அழகாக நிற்காததால் விட்டுவிட்டேன்.

அப்புறம் அலை. நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் வித்தியாசம் வருவதே பெரிசு. ஆனால் சேறு தட்டையானது. ஒரு சாண் தண்ணீர் ஏறினால் உள்ளான் மேய்கிற இடம் முழுசும் மறைந்துவிடும், பறவை வேறெங்கோ போய்விடும். ஒரே காலையில் ஆறு மணிக்கு ஒரு எண், பத்து மணிக்கு வேறொரு எண். எந்த மணிக்கு எண்ணினார்கள் என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதைவிடச் சிக்கலானது முகத்துவாரம். கோடையில் மணல்திட்டு வளர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் தேங்கும், சேறு முங்கும், கரைப்பறவைகள் கிளம்பிவிடும். மழையில் ஆறு வந்தால் வாய் உடைந்து திறக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெகுகாலம் காணாத வெள்ளம் போனது. அதற்கு முந்தைய ஜனவரியையும் பிந்தைய ஜனவரியையும் ஒரே இடம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பெயர்தான் ஒன்று. மணல் இருக்கிற இடமே வேறு.

இன்னொரு கோணமும் இருக்கிறது. நம்முடையது ஏரிகள் நிறைந்த பகுதி. நல்ல மழை பெய்த வருஷம் கூழைக்கடாவும் நாரையும் ஏரி ஏரியாகப் பிரிந்து போய்விடும். கழிமுகத்தில் எண்ணிக்கை குறையும். வறண்ட வருஷம் ஏரிகள் காய, மிச்சமிருக்கிற தண்ணீரில் வந்து நெருக்கியடித்து நிற்கும், எண்ணிக்கை கூடும். அப்போது பார்த்து "அதிகரிப்பு" என்று தலைப்பு போடுவார்கள்! நெருக்கடியைச் செழிப்பாகப் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எண்ணுவதே வீணா? இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து நடக்கிறது. அதன் பலம் எந்த ஒரு வருஷத்து எண்ணிலும் இல்லை, வரிசையில் இருக்கிறது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகள் வளையமிட்டும் எண்ணியும் வந்ததால்தான், அங்கே சின்னக் கரைப்பறவைகள் குறைந்துவிட்டன என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. ராம்சார் விதிகளிலும் ஒரு இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு ஓரிடத்துக்கு வழக்கமாக வந்தால் அது ஒரு தகுதி. "நிறைய" என்று எழுதிவைத்தவன் அதை எப்படிக் காட்டுவான்?

இல்லாததையும் எழுதவேண்டும். தேடினோம், இல்லை என்பதும் ஒரு பதிவுதான். எங்க தெருவில் தறி போடுகிறவர்கள் அறுந்த பாவு இழையை அப்படியே விட்டு மேலே நெய்ய மாட்டார்கள். நம் பட்டியல்களில் பார்த்த பறவை மட்டும் இருக்கும். அறுந்த இழை இருக்காது.

இத்தனையும் வெறும் நுணுக்கம் பார்ப்பது இல்லை. ஆற்றில் மணல் போனதைப் பற்றியோ, தண்ணீர் கடல்வரை வராததைப் பற்றியோ வாயெடுத்தால், "அதான் பறவை வருதே சார், அப்புறம் என்ன?" என்று பதில் வருகிறது. ஒரு ஜனவரிக் காலையின் எண் ஆற்றுக்கே நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது.

இப்போது என் நோட்டில் பறவைப் பெயருக்கு முன்னால் நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறேன்: மணி, அலை ஏற்றமா இறக்கமா, வாய் திறந்திருக்கிறதா, சுற்றியுள்ள ஏரிகளில் தண்ணீர் உண்டா. பழைய பக்கங்களையும் இதே மாதிரி நிரப்பப் பார்த்தேன். முதல் இரண்டு வருஷத்துக்கு மணி மட்டும் கிடைத்தது. வாய் திறந்திருந்ததா என்று அப்போது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.